அந்த மஞ்சள் புள்ளியில் எத்தனை பேர்? போர் வியூக விளையாட்டுகளை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

நவீனப் போரை உள்ளது உள்ளபடி காட்டும் கணினி வியூக விளையாட்டுகளை வடிவமைப்போருக்கும், அவற்றுக்கு நிரல் எழுதுவோருக்கும், களக்காட்சிகளை அமைப்போருக்கும்,

வணக்கம்.

இருபது ஆண்டுகளாக உங்கள் சரக்கை விலை கொடுத்து வாங்குபவன் நான். முன்னூறு பக்கக் கையேட்டை முன்னுரையிலிருந்து படிக்கும் அரிய இனத்தைச் சேர்ந்தவன். எனவே இதைக் குற்றப் பத்திரிகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டு ஆள் ஒருவன் உள்ளறையில் உட்கார்ந்து பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆடுவதை என் வீட்டார் ஆட்டம் என்று ஒப்புக்கொள்வதே இல்லை. பின்னால் வந்து எட்டிப் பார்த்தால் திரையில் நீலக் கடல், சில வட்டங்கள், ஓரமாக ஒரு மஞ்சள் புள்ளி. "சண்டை எங்கே?" என்பார்கள். "இன்னும் தொடங்கவில்லை" என்பேன். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டாலும் அதே பதில்தான். மூன்று மணி நேரம் ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்த இரவுகள் உண்டு. அதில் என்ன சுகம் என்று கேட்பவர்களுக்கு ரேடாரிலிருந்துதான் விளக்கத் தொடங்குவேன்.

என் கப்பலின் ரேடாரை இயக்கினால் எதிரியைக் காணலாம். ஆனால் அவன் என்னை அதற்கு முன்பே கண்டுவிடுவான். அலை அவனிடம் போய், பட்டு, திரும்பி வந்தால்தான் எனக்குச் செய்தி. போய்ச் சேர்ந்தாலே அவனுக்குச் செய்தி. இருட்டில் பந்தம் ஏந்தி நடப்பவனின் நிலைதான் என் நிலை. சரி, அணைத்துவிடலாம் என்றால் நான் குருடு. நீர்மட்டத்தை உரசிக்கொண்டு வரும் ஏவுகணை பூமியின் வளைவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். 25, 30 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் கப்பலின் ரேடாருக்கு அகப்படும். ஒலியின் வேகத்தை ஒட்டி அது வருமானால் எனக்கு மிஞ்சுவது ஒன்றரை நிமிடம். 1982 மே 4 அன்று, அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்துப் போரில், ஒற்றை எக்ஸோசெட் ஏவுகணை பிரிட்டனின் ஷெஃபீல்ட் கப்பலைத் தாக்கி 20 பேரைக் கொன்றது. இதை நான் எப்போதோ படித்திருந்தேன். அந்த ஒன்றரை நிமிடம் எவ்வளவு சிறியது என்பது உங்கள் விளையாட்டில் என் கப்பல் எரிந்தபோதுதான் உறைத்தது.

சுடுவதிலும் இதே இழுபறி. அமெரிக்காவின் ஆர்லி பர்க் வகை நாசகாரிப் போர்க்கப்பல்களில் பின்னால் வந்தவற்றுக்கு 96 ஏவுகுழல்கள். 96 என்றால் ஏதோ அட்சய பாத்திரம் போலத் தோன்றும். ஆனால் வருகின்ற ஒவ்வொரு ஏவுகணைக்கும் இரண்டிரண்டாக எய்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? தீர்ந்துவிட்டால் துறைமுகத்துக்குப் போய்த்தான் நிரப்ப வேண்டும். வேறு வகை விளையாட்டுகளில் பொன் தோண்டி, பாசறை கட்டி, ஐந்து நிமிடத்தில் புதுப்படையோடு வந்துவிடலாம். அவற்றையும் ஆடியிருக்கிறேன்; மறுநாள் அவற்றில் எதுவும் மனத்தில் தங்குவதில்லை. எய்யாமல் சேமித்து வைத்த ஒரு ஏவுகணையோ பல் துலக்கும்போதுகூட நினைவுக்கு வருகிறது.

ஆக, எங்களைக் கட்டிப்போடுவது வெடிச் சத்தம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அரைகுறையாகத் தெரிந்ததை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியிருக்கிறதே, அந்தத் தவிப்புக்குத்தான் வருகிறோம்.

இது புதிய ருசியும் இல்லை. பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட போர் விளையாட்டு விதிகளில் இரு தரப்பும் முழு வரைபடத்தையும் பார்க்க முடியாது. தன் வீரர்கள் கண்டது எதுவோ அதை மட்டுமே நடுவர் காட்டுவார். கட்டளையைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். குதிரைவீரன் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நடுவர் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்வார். அதற்குள் களம் மாறிப்போயிருந்தால் அது உங்கள் தலையெழுத்து.

இரண்டு நூற்றாண்டு கழித்து, நொடிக்குக் கோடிக்கணக்கில் கணக்குப் போடும் இயந்திரம் கைக்கு வந்த பிறகு, உங்களில் பலர் இதை எப்படிக் கைவிட்டீர்கள்? மவுஸை ஒருமுறை அழுத்தினால் 40 டாங்கிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ஒரே கணத்தில் திரும்புகின்றன. வானொலி இரைச்சல் இல்லை, புரியாத கட்டளை இல்லை, தூக்கம் கெட்டுச் சோர்ந்த ஓட்டுநர் இல்லை. விதிவிலக்குகள் உண்டு, அவர்களை வாழ்த்துகிறேன். காம்பாட் மிஷன் விளையாட்டைச் சுற்றுமுறையில் ஆடினால், கட்டளைகளைக் கொடுத்துவிட்டு அடுத்த 60 வினாடி கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். என் காலாட்படைப் பிரிவு தவறான சந்தில் நுழைவதைக் கண்டு நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். வேறொன்றும் செய்ய முடியாது. ஃப்ளாஷ்பாயிண்ட் கேம்பைன்ஸில் கட்டளை போய்ச் சேரவே நேரம் பிடிக்கிறது, தலைமையகம் குழம்பினால் இன்னும் நீள்கிறது. மற்றவர்களின் புதிய பதிப்பு அறிவிப்புகளைப் பார்த்தால் ஆயுதப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. கவசத் தகட்டின் கனம் மில்லிமீட்டர் சுத்தம். அந்த டாங்கி நுழையும் நகரத்தில் வீடுகள் உண்டு, கதவுகள் உண்டு, மொட்டைமாடிகூட உண்டு. ஆள்தான் இல்லை.

இனி, நான் இந்த மடலை எழுதக் காரணமான இரவு.

குறுகலான ஒரு நீரிணை. என்னிடம் ஒரு போர்க்கப்பல். விரைவுப் படகுகள் ஈ மொய்ப்பது போல மொய்க்கின்றன. கரையோர விமான நிலையம் ஒன்றிலிருந்து புதிய மஞ்சள் புள்ளி எழுகிறது. ரேடாரில் படும் ஒவ்வொன்றுக்கும் ஆட்டத்தில் 'தொடர்பு' என்று பெயர்; இது தொடர்பு எண் 14. அடையாளம் தெரியவில்லை. நேராக என்னை நோக்கி வருகிறது. வேகம் பார்த்தேன், திசை பார்த்தேன். பக்கத்திலேயே உயரம் காட்டும் பத்தி இருந்தது. அதில் எண் ஏறிக்கொண்டிருந்தது. தாக்க வருகிற விமானம் ஏன் ஏறிக்கொண்டே வரவேண்டும்? அதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. படகுகள் கண்ணை மறைத்துவிட்டன. இரண்டு ஏவுகணைகளை எய்தேன். செய்திப் பட்டியில் ஒரு வரி வந்தது: தொடர்பு 14 அழிக்கப்பட்டது. புள்ளி நிறம் மாறி, பெயர் மாறி, மறைந்தது. பயணிகள் விமானம்.

மதிப்பெண்ணில் 200 குறைந்தது. படகு ஒன்றுக்கு 50 என்று கணக்கு. ஆக நான்கு படகுகளை மூழ்கடித்தால் நேராகிவிடும். ஐந்து படகுகளை மூழ்கடித்தேன். ஆட்டம் முடிந்தபோது திரையில் வந்த தீர்ப்பு: "சிறு வெற்றி."

களக்காட்சியை அமைத்தவர் 1988 ஜூலை 3ஐ மனத்தில் வைத்துத்தான் அமைத்திருக்க வேண்டும். அன்று ஹார்முஸ் நீரிணைப் பகுதியில் ஈரானியப் படகுகளோடு சண்டையிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கக் கப்பல் வின்சென்ஸ், பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஈரான் ஏர் 655ஐச் சுட்டு வீழ்த்தியது. இறந்தவர்கள் 290 பேர். அவர்களில் 66 பேர் குழந்தைகள். விமானம் மேலேறிக்கொண்டிருந்தது என்று கப்பலின் கணினியே பதிவு செய்திருந்தது. கட்டளை அறையில் இருந்தவர்கள் இறங்கி வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். விசாரணை அறிக்கைகளில் இதைப் படித்தவன்தான் நான். படித்தவன் என்றால் சும்மா இல்லை, இப்படி முட்டாள்தனமாக யாராவது செய்வார்களா என்று தீர்ப்பும் சொன்னவன். என் நாற்காலியில், என் வீட்டு அமைதியில், உயிருக்கு எந்த ஆபத்தும் இல்லாமல், அதே பத்தியைப் பார்க்காமல் விட்டேன்.

இதைவிடப் பெரிய பாடத்தை எந்தப் புத்தகமும் எனக்குக் கற்பித்திருக்காது. அந்த அளவில் உங்களுக்குக் கைகூப்புகிறேன். ஆனால் கற்பித்த கையோடு "சிறு வெற்றி" என்று முதுகில் தட்டிக்கொடுத்தீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. எங்கள் பழைய இலக்கணம் புறத்திணைகளை அடுக்கும்போது வெற்றியைப் பாடும் வாகையை அடுத்து நிலையாமையைப் பாடும் காஞ்சியை வைத்தது. உங்கள் மதிப்பெண் பலகையில் வாகை மட்டும் இருக்கிறது.

நானும் யோக்கியன் இல்லை. மறுநாள் காலை, ஆட்டத்தின் நடுவே சேமித்து வைத்திருந்த பழைய சேமிப்பைத் திறந்து, அந்த விமானத்தைப் போகவிட்டு, "பெரு வெற்றி" பெற்றேன். மனம் கொஞ்சம் ஆறியது என்பதையும் மறைக்கவில்லை.

இதைப் பட்டமும் பதக்கமும் பெற்றவர்களும் செய்திருக்கிறார்கள். 1942இல் அமெரிக்கா வசமிருந்த மிட்வே தீவைத் தாக்குவதற்கு முன் ஜப்பானியக் கடற்படை நடத்திய மேசை ஒத்திகையில், நடுவரின் கணக்குப்படி ஒன்பது குண்டுகள் விழுந்து அக்காகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. அட்மிரல் உகாக்கி ஒன்பதை மூன்றாக்கினார். அக்காகி பிழைத்தது. மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஒத்திகையில் ஒன்றும் நடக்காதது போல வந்து நின்றது. ஜூன் மாதம் உண்மையான போரில் அவ்விரண்டோடு இன்னும் இரண்டும் கடலுக்குள் போயின. அறுபது ஆண்டுகள் கழித்து, 2002இல், 25 கோடி டாலர் செலவில் அமெரிக்கா நடத்திய மில்லினியம் சேலஞ்ச் போர்ப் பயிற்சியில் எதிரி வேடம் ஏற்றவர் ஓய்வுபெற்ற தளபதி பால் வான் ரைப்பர். வானொலியைத் தொடாமல் மோட்டார் சைக்கிள் தூதர்களை வைத்துக் கட்டளை அனுப்பி, 16 கப்பல்களை மூழ்கடித்தார். மூழ்கியவற்றை மிதக்க வைத்துவிட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். அவர்களும் பழைய சேமிப்பைத்தான் திறந்தார்கள். அவர்களுடைய கணினி கொஞ்சம் விலை கூடியது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில காலத்துக்கு முன் செய்தியில் ஏவுகணைத் தாக்குதல் காட்சி ஒன்று ஓடியது. அந்த ஏவுகணையின் வகையும் வீச்சும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தன. அடிபட்டது குடியிருப்பு என்பது அதன் பிறகே மனத்தில் ஏறியது. எவ்வளவு பிறகு? இரண்டு வினாடி இருக்கும். அந்த இரண்டு வினாடிக்கு உங்களைப் பொறுப்பாக்க மாட்டேன். ஆனால் உங்களுக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்லவும் மாட்டேன்.

செய்ய முடியாததை நான் கேட்கவில்லை. ஆர்மா 3 விளையாட்டில் 2017இல் போர்ச் சட்டங்களை மையமாக வைத்து ஒரு கூடுதல் பகுதி வந்தது, கண்ணிவெடி அகற்றும் தொண்டனின் கண்வழியே. 2014இல் வந்த திஸ் வார் ஆஃப் மைன் முற்றுகைக்குள் சிக்கிய குடிமக்களை மட்டுமே வைத்து ஆட்டம் அமைத்தது. போலந்து அரசு 2020இல் அதைப் பள்ளி வாசிப்புப் பட்டியலில் சேர்த்தது. வியூக வரைபடத்தின் உயரத்திலிருந்து பார்க்கும் நமக்கும் வழி இருக்கிறது. நகரத்தில் ஆட்களை வையுங்கள். அவர்கள் பாலத்தை அடைத்துக்கொண்டு ஓடட்டும், என் டாங்கி அணி தாமதமாகட்டும். சேமிப்பைத் திறக்க முடியாத ஆட்டமுறை ஒன்றை, வேண்டுவோர்க்கு மட்டுமாவது கொடுங்கள். 200 மதிப்பெண்ணை 2,000 ஆக்குவது தீர்வில்லை, 40 படகுகளைத் தேடிப் போவோம். குடிமக்களின் கணக்கை மதிப்பெண்ணோடு கூட்டாமல் கழிக்காமல் தனியே வையுங்கள். தொடர்பு 14க்கு நேராக "பயணிகள் விமானம் 1" என்பதற்குப் பதிலாக அதில் இருந்தவர்களின் எண்ணிக்கையை எழுதுங்கள். நிரலில் ஒரே ஒரு வரி.

அந்தக் களக்காட்சியை இப்போதும் ஆடுகிறேன். எழுந்து வருவது எது என்பதை ஒவ்வொரு முறையும் கணினி குலுக்கிப் போடுகிறது என்று பிறகுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் உயரப் பத்தியைத்தான் முதலில் பார்க்கிறேன். மூன்று முறை எண் ஏறியது, மூன்று முறையும் சுடாமல் விட்டேன். முதல் இரண்டு முறை பயணிகள் விமானம் தலைக்கு மேலே போயிற்று. மூன்றாம் முறை ஏறி வந்தது போர் விமானம். என் கப்பல் போயிற்று. சேமிப்பைத் திறக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளன்