பிள்ளையின் பணத்தில் சமரசம் பேசாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம் வட்டாரத் தமிழ்க் கோயில்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கணவன் மனைவி பிரிகிற நிலை வந்தால் நம் வீடுகளில் பலர் வக்கீலுக்கு முன்னால் கோயில் பெரியவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். சண்டையில் இருக்கும் இரண்டு வீட்டாரை உட்காரவைத்துப் பேசவைப்பது சின்ன வேலை இல்லை. அதை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் சில இடங்களில் அந்தப் பேச்சு, "பிள்ளைகளை நீயே வைத்துக்கொள், பணம் கேட்காதே" என்று முடிகிறது. ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள். அன்றைக்கு இருக்கும் அலுப்பில் அந்தப் பெண் எதற்கும் சரி என்றுதான் சொல்வாள்.

அந்தத் தாள் பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. பராமரிப்புப் பணம் பிள்ளையின் உரிமை. அதைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது. கையெழுத்துப் போட்ட பிறகும் அவள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பராமரிப்பு வழக்குகளைப் பார்க்கும் மெயின்டனன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம். இது தெரியாமல், "எழுதிக் கொடுத்துவிட்டேனே" என்று ஒற்றைச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்டித் திணறும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

1998ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி தாய் தகப்பன் இருவருமே அவரவர் வசதிக்கேற்பப் பிள்ளையின் செலவைச் சுமக்க வேண்டும். சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று நிலையான கணக்கு எதுவும் இல்லை. பிள்ளைக்கு மாதம் 6,000 ராண்ட் ஆகிறது, அம்மாவுக்கு 10,000, அப்பாவுக்கு 20,000 வருமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகப் பார்த்தால் அம்மா 2,000, அப்பா 4,000 என்ற அளவில் வரும். அப்பாவுக்கு வேறு நியாயமான செலவுகள் இருந்தால் கோர்ட் அதையும் பார்க்கும்.

அடுத்து, கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட கல்யாணங்கள். "சட்டப்படி நீ மனைவியே இல்லை, அப்புறம் எப்படிக் கேட்பாய்?" என்று அந்தப் பெண்களை மிரட்டுகிறார்கள். மனைவி என்ற முறையில் அவளுக்கு என்ன கிடைக்கும் என்பது உண்மையிலேயே சிக்கலான கேள்விதான். பிள்ளை விஷயத்தில் அந்தச் சிக்கலே இல்லை. பெற்றோர் திருமணம் செய்தார்களா, பதிவு செய்தார்களா என்பதை வைத்துப் பிள்ளையைப் பராமரிக்கும் கடமை மாறாது. தகப்பன் மறுமணம் செய்தாலும் அப்படித்தான். முதல் தாரத்துப் பிள்ளைக்கும் இரண்டாம் தாரத்துப் பிள்ளைக்கும் சட்டம் முன்பின் வைப்பதில்லை. 18 வயது ஆனதும் கடமை தானாக முடிந்துவிடுவதும் இல்லை. பிள்ளை சொந்தக் காலில் நிற்கும்வரை அது தொடரும்.

பாட்டிமார் வளர்க்கும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவரே மனு கொடுக்கலாம், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் கேட்கலாம். பெற்றோரால் உண்மையிலேயே முடியாதபோது தாத்தா பாட்டி மீதும் கடமை வரும். கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளையென்றாலும் தகப்பன் வழித் தாத்தா பாட்டிக்கு அந்தக் கடமை உண்டு என்று கேப் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அப்பாக்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வேலை போனவர் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்கிறார், பாக்கி மாதாமாதம் ஏறுகிறது. அவர் உடனே அதே கோர்ட்டுக்குப் போய்த் தொகையை மாற்றக் கேட்க வேண்டும். ரொக்கமாகக் கையில் கொடுப்பதைவிட வங்கி வழியாகக் கட்டுவது அவருக்கே பாதுகாப்பு. "பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் கட்டமாட்டேன்" என்பதும், "பணம் வரவில்லை, அதனால் காட்டமாட்டேன்" என்பதும் இரண்டுமே தவறு. பார்க்கும் உரிமை வேறு, பராமரிப்பு வேறு. வசதி இருந்தும் கட்டாதவருக்குச் சம்பளத்திலிருந்தே பிடித்தம் செய்ய உத்தரவு வரலாம். 2015ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதிகபட்ச சிறைத் தண்டனையை மூன்று ஆண்டாக உயர்த்தியது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். சமரசம் பேசுங்கள், ஆனால் பிள்ளையின் பணத்தை அதில் சேர்க்காதீர்கள், விட்டுக்கொடுத்ததாக எதிலும் கையெழுத்து வாங்காதீர்கள். அந்த விஷயத்துக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்புங்கள். மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், செலவுப் பட்டியல் ஆகியவற்றை எடுத்துப் போகச் சொல்லுங்கள். தாலி கட்டும் முன் பதிவுக்கு ஏற்பாடு ஆகியிருக்கிறதா என்று மணமக்களிடம் கேளுங்கள்.

இந்த விவரங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறேன். புரட்டாசிப் பூஜைக்கும் காவடிக்கும் கூட்டம் வருவதற்குள் உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்ட அனுமதி தாருங்கள். மனு நிரப்பத் தெரியாதவர்களுடன் உட்கார்ந்து நிரப்பித் தரவும் தயாராக இருக்கிறேன். உங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி, முடிவைத் தெரிவியுங்கள்.

அன்புடன்,
சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு பக்தை