புகை வந்த போர்

அன்புள்ள மாப்ளே,

நலம்தானே? தண்ணீருக்காக 900 அடி போர்வெல் போட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லை, பாறைத்தூள் புகைதான் வந்தது என்று நீ போனில் சொன்னதிலிருந்து மனசே சரியில்லை. தங்கச்சி நகையை வேறு வைத்திருக்கிறாய். ‘எனக்கு ராசி இல்லடா’ என்றாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன மாசம் இங்கே மன்னார்குடிப் பக்கம் நானும் ஒரு போர் போட்டேன். கடைசிவரை மணலும் களியும்தான்; கல்லைக் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் நாமக்கல்லில் உன்னைப் படுத்துகிற அந்தப் பழம்பாறை எங்களுக்குக் கீழேயும் இருக்கிறது. முங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். 13 கோடி வருஷத்துக்கும் முன்னால் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது, இந்தியாவும் அண்டார்க்டிகாவும் பிரிந்த இழுப்பில், இந்தக் கிழக்கு ஓரம் விரிசல்விட்டுத் துண்டு துண்டாகச் சரிந்தது. பள்ளத்தில் மண் வந்து சேரச் சேர, அந்தப் பாரத்திலேயே இன்னும் தாழ்ந்தது. ஆள் கூடக் கூடக் கயிற்றுக் கட்டில் தொய்யுமே, அப்படி. சில இடங்களில் பாறையைத் தொட 5 கிலோமீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். இதைத்தான் புவியியல்காரர்கள் காவிரிப் படுகை என்கிறார்கள். நாம் பெருமையடிக்கிற டெல்டா அதன்மேல் பூசிய கடைசிப் பூச்சு. நரிமணத்தில் எடுக்கிற எண்ணெயும் இந்தப் பள்ளத்துச் சரக்குதான்.

அப்புறம், மகளோடு பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் போய்வந்தேன். படுகையின் மேற்கு விளிம்பு அது. ஆழத்தில் கிடக்க வேண்டிய அடுக்குகள் அங்கே வெயிலில் கிடக்கின்றன. ஒரு புல் பூண்டு கிடையாது, மழை அரித்த செம்மண் மேடுகள்தான். சுருட்டுத் துண்டு மாதிரி ஒன்றைப் பொறுக்கிக் காட்டினாள். கணவாய் இனத்துப் பிராணியின் கூடாம், 10 கோடி வருஷப் பழசு. சாளக்கிராமம் போலச் சுருண்ட சிப்பியின் அச்சும் பார்த்தோம். கடல் இன்றைக்கு அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது! பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. வாயே திறக்காத பெண், பஸ்ஸில் வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். உங்கள் பாறையில் வெடிப்பு ஓடுகிற இடத்தில்தான் தண்ணீர். இரண்டு அடி தள்ளிப் போட்டால் புகைதான். இதில் ராசி எங்கே வந்தது? தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற ஆளை இந்தத் தடவை திருப்பி அனுப்பு. தரைக்குள் மின்சாரம் விட்டு, மண்ணும் பாறையும் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து சொல்கிறவர்களைக் கூப்பிடு. அதுவும் நூற்றுக்கு நூறு இல்லை, ஆனாலும் தேவலை. அடுத்த போருக்கு ரிக் வண்டியைச் சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் பண்ணு. பணத்தைப் பற்றியும் பேசலாம்.

உன் பழைய அறைத்தோழன்