மை இழுவும் தாள்: குளச்சல் நண்பனுக்கு ஒரு கடிதம்

தக்கலை,
ஆடி மாதம்

அன்பு மக்கா,

நீ அனுப்பின கவர் வந்து சேர்ந்தது. உன் அப்பாவின் வைத்தியக் குறிப்பில் தைலப் பகுதி முழுவதையும் நீயே டைப் அடித்து முடித்துவிட்டாய் என்று பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம். அந்தக் கையெழுத்தைத் தட்டாமல் வாசிக்க இப்போது உன்னைவிட்டால் ஆள் இல்லை. நீ கை வைக்காமல் இருந்திருந்தால் அந்த நோட்டு டிரங்குப் பெட்டிக்குள்ளேயே பூச்சி அரித்துப் போயிருக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். மழை விட்டபாடில்லை. குலசேகரம் பக்கம் மச்சான் தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு பாதி நாள் நடப்பதில்லை. மூத்தவனுக்கு வேலை மாற்றம் வந்து குடும்பத்தோடு மதுரைக்குப் போய்விட்டான், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. நீ ஒரு நாலு நாள் வந்து தங்கினால் நன்றாக இருக்கும்.

சரி, பிரிண்ட் எடுத்தால் மை இழுவுகிறது, ஹெட் கிளீனிங் ஓட்டியும் தீரவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்தப் பிரிண்டர் சங்கதிக்கு வருகிறேன். முட்டுவலித் தைலப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நல்லெண்ணெய் அளவு வரும் வரியில் அரை என்ற குறி தெரிகிறது, அதற்கு முன்னால் ஒரு கறுப்பு இழுவல். அரைப் படியா, ஒன்றரைப் படியா, எனக்குப் புரியவில்லை. கல்யாண நோட்டீசில் மை கலைந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம், மருந்து அளவில் விட முடியாது. அதனால்தான் போனில் சொல்லாமல் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பிரிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து படி.

முதல் வேலை, ஹெட் கிளீனிங் (மை தெளிக்கிற ஹெட்டைப் பிரிண்டரே சுத்தம் பண்ணுவது) ஓட்டுவதை நிறுத்து. எழுத்தில் கோடு கோடாக மை விடுபட்டால்தான் அது வேண்டும். உன் தாளில் ஒரு எழுத்தும் விடுபடவில்லை. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் நல்ல மையை உறிஞ்சி, உள்ளே கழிவு மைக்கென்று இருக்கிற பஞ்சில் கொட்டும். அந்தப் பஞ்சு நிறைந்தால் பல பிரிண்டர்கள் அப்படியே நின்றுவிடும், பிறகு சர்வீஸ்காரரைத் தேடி நாகர்கோவிலுக்குத் தூக்க வேண்டியதுதான்.

கோர்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த காலத்தில் நான் முதலில் பார்ப்பது கறை எந்தப் பக்கமாக இழுத்திருக்கிறது என்பதைத்தான். ஹெட் இடமும் வலமுமாக ஓடும், தாள் மேலிருந்து கீழாக நகரும். கறை குறுக்கே இழுத்திருந்தால் ஹெட் தாளில் உரசியிருக்கிறது. தாள் போகிற திசையில் நீளமாக இருந்தாலோ, ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தாலோ தாளை இழுக்கிற ரோலரில் மை. உன் தாளில் எல்லாம் குறுக்கு இழுவல், அதுவும் மேல் ஓரத்தில். போதாததற்கு எழுத்தின் விளிம்பெல்லாம் வேர்விட்டதுபோல் படர்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குற்றம் மெஷினில் இல்லை, தாளில் ஈரம்.

நம் மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை, இரண்டும் உண்டு. உனக்குக் கடற்காற்று வேறு. கட்டைப் பிரித்துத் தாளை டிரேயில் போட்டால் அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து ஓரம் சுருளும். ஹெட்டுக்கும் தாளுக்கும் நடுவே இருப்பது ஏதோ ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி. சுருண்ட ஓரம் நிமிர்ந்தால் நேராக ஹெட்டில் போய் முட்டும். அன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் எடுத்துப் போடு. மீதியைக் கட்டின உறையோடேயே பிளாஸ்டிக் டப்பாவில் படுக்க வைத்து மூடு, நிமிர்த்தி வைக்காதே. 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) தாளை விட்டுவிட்டு 80 வாங்கு, விலை கொஞ்சம்தான் கூடும். அப்படியும் உரசினால் செட்டிங்கில் தாள் உரசாமல் தடுக்க என்றோ, தடித்த தாள் என்றோ ஒன்று இருக்கும், அதைப் போடு. ஹெட்டுக்கும் தாளுக்கும் இடைவெளி கொஞ்சம் கூடும். வேலை முடிந்ததும் எடுத்துவிடு, இல்லாவிட்டால் எழுத்தின் கூர்மை குறையலாம்.

ரோலரையும் சந்தேகம் தீரப் பார்த்துவிடு. ஸ்கேன் கண்ணாடியில் ஒன்றும் வைக்காமல் காப்பி பட்டனை அமுக்கு. வெள்ளையாக வந்தால் நல்லது. கறை வந்தால் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொன்று எடு. அப்போதும் வந்தால் உள்ளே அழுக்கு. கறை அடங்கும்வரை வெறும் தாளாக நாலைந்து ஓட்டு. உள்ளே கையை மட்டும் விடாதே, கேட்டியா. ஹெட் ஓடும் பாதையில் கண்ணாடிபோல ஒரு மெல்லிய பட்டை குறுக்கே போகும். அதில் நெருக்கமாகக் கோடுகள் உண்டு, அதைப் பார்த்துத்தான் ஹெட் தான் நிற்கிற இடத்தைக் கண்டுகொள்ளும். தைலம் தொட்ட விரல் அதில் பட்டால் ஹெட் தட்டுத்தடுமாறும். உன் வீட்டில் தைலம் படாத கை யாருக்கு இருக்கிறது?

அட்டைக்காகப் போட்ட அப்பா போட்டோவில் கறுப்பு மை தொட்டால் விரலோடு வருகிறது என்று எழுதியிருந்தாய். உன்னுடையதுபோல மையைத் தொட்டியில் ஊற்றுகிற பல டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, கலர் மூன்றும் டை மை. டை என்பது மையில் கரைந்த சாயம், பிக்மென்ட் என்பது மையில் மிதக்கும் நுண்ணிய பொடி. சாதாரணத் தாளில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், பளபளப்புத் தாளில் மேலேயே நிற்கும். பிரிண்ட் கொடுக்கும்போது தாள் வகையைப் போட்டோ பேப்பர் என்று மாற்று. அப்போது அந்தப் பிரிண்டர்கள் கலர் மைகளைக் கலந்தே கறுப்பை உண்டாக்கும். மினுமினுக்கும் பக்கம்தான் அச்சுப் பக்கம். வந்ததை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் ராத்திரி முழுக்க விரித்துப் போடு.

இதெல்லாம் திருத்தம் பார்க்கிற படிக்கு. பிள்ளைகள் கையில் கொடுக்கப்போகிற கடைசிப் படியை வீட்டுப் பிரிண்டரில் எடுக்காதே என்றுதான் நான் சொல்வேன். டை மை என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போயிற்று. ஜெராக்ஸ் கடையில் லேசரில் எடு. அங்கே இருப்பது மையில்லை, டோனர் பொடி. சூட்டில் உருகித் தாளில் ஒட்டிவிடும், ஈரக்கை பட்டாலும் கலையாது. செலவைப் பார்க்காதே, அப்பா நோட்டுக்குச் செய்வது.

இன்னொன்றையும் கட்டாயம் செய். எங்கெல்லாம் அளவு வருகிறதோ அங்கெல்லாம் எண்ணோடு எழுத்தாலும் போடு, 1½ என்று போட்டுப் பக்கத்திலேயே ஒன்றரை என்று. ஒன்று கலைந்தாலும் மற்றது நிற்கும். மூல நோட்டை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் பண்ணி மகளிடம் ஒரு படி கொடுத்து வை.

அந்த முட்டுவலித் தைலத்துக்கு அரையா, ஒன்றரையா என்று நோட்டைப் பார்த்து இன்றைக்கே போன் பண்ணிச் சொல். வீட்டுக்காரி முட்டியைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் வாங்கி வைத்துக் காத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்