கன்றை எண்ணுவதை விட்டுப் பூவைப் பார்த்த ஆண்டு: எங்கள் மூலிகை மரச் சங்கத்தின் செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, பாயில் இடமில்லாமல் வேம்படியில் நிற்கும் அன்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் எத்தனை கன்று கொடுத்தோம் என்று நான் பெருமையோடு வாசித்தேன். வாசித்து முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு அம்மா எழும்பி, "அது சரி தம்பி, அதில எத்தின உசிரோட நிக்குது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த வாரமே மூன்று பேர் சைக்கிளில் வளவு வளவாகப் போய்ப் பார்த்தோம். பாதிக்கும் குறைவாகத்தான் நின்றன. நின்றவற்றிலும் பூத்தவை சொற்பம், காய்த்தவை அதிலும் சொற்பம். பூக்காத, காய்க்காத மூலிகை மரம் தன் இனத்தைத் தானாகப் பெருக்காது. அதற்கு நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் வெளியிலிருந்து விதை தேடி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஆகவே இந்த ஆண்டு புதுக்கன்று கொடுப்பதைக் குறைத்து, இருக்கிற மரங்களைப் பூக்கவும் காய்க்கவும் வைக்கலாம், விதையை நேரத்தோடு எடுத்துப் பழகலாம் என்று நிர்வாக சபை முடிவெடுத்தது. இது எல்லோருக்கும் பிடித்த முடிவல்ல. கன்று கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதில் சங்கத்தின் மேல் மனத்தாங்கல் உள்ளவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள்.

வழமைபோலப் பூரணை விடுமுறை நாட்களில் கூடினோம். கார்த்திகைப் பூரணைக்கு மட்டும் வெள்ளம் வழிவிடவில்லை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை.

முதலில் ஆவரசு. ஆவாரை என்றும் சொல்வோம். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழி தெரியாதவர் இங்கே இல்லை. கடற்கரைப் பக்கத்து மணல் காணியில் எங்கள் சங்கம் பார்க்கும் பற்றைகள் சென்ற ஆண்டு மஞ்சள் மஞ்சளாகப் பூத்தன. ஆனால் நெற்று விழவில்லை, காய் பிடிக்கவேயில்லை. பசளை போதாது என்றார் ஒருவர், உப்புக்காற்று என்றார் இன்னொருவர். கடைசியில் விடை பூவுக்குள்ளேயே இருந்தது. ஆவரசம்பூவில் தேன் கிடையாது. மகரந்தப் பைகள் மற்றப் பூக்களில் போல நீளவாக்கில் வெடிப்பதில்லை. நுனியில் சிறு துவாரந்தான் இருக்கும். பெரிய கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து 'ஙொய்' என்று இரைந்தால்தான் மகரந்தம் கொட்டும். அந்த வண்டு பட்ட மரத்தில் துளைபோட்டுத்தான் கூடு வைக்கும். அதற்கு முந்தைய ஆண்டு சிரமதானம் என்று சொல்லி அந்தக் காணியில் கிடந்த பட்ட முருங்கைகளையும் உக்கின வேலிக்கட்டைகளையும் அள்ளி எரித்தது வேறு யாருமில்லை, நாங்கள்தான். புகைப்படம்கூட எடுத்துக்கொண்டோம்.

இந்த ஆண்டு பட்ட கட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்து வேலியோரம் நட்டோம். பூப் பறிக்கிறவர்களிடம் பற்றையின் கீழ்ப்பாதியில் மட்டும் பறியுங்கள், மேற்பாதியைத் தொடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். நெற்று விழுந்தது. கட்டையால் விழுந்ததா, பறியாமல் விட்டதால் விழுந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் தொடருவோம்.

ஆவரசு விதைக்குத் தோல் கடினம். அப்படியே போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். சீமெந்துத் தரையில் மணல் போட்டு உரசியோ, கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டோ போட்டால் ஊதி முளைக்கும். ஆணிவேர் வேகமாகக் கீழே இறங்குவதால் சின்னப் பையில் வளர்த்துப் பிடுங்கி நட்டால் வாடிவிடுகிறது. மாரி தொடங்க நேரடியாகக் குழியில் போடுவதே நல்லது என்று கண்டோம்.

அடுத்தது ஒரு அங்கத்தவர் வளவில் நிற்கும் ஒற்றை நெல்லி. ஆண்டுதோறும் பூக்கும், காய் மட்டும் இல்லை. வெட்டிவிடலாமா என்று கேட்டு வந்தவரை, ஒரு வருடம் பொறுங்கள் என்று மறித்தோம். நெல்லியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் வேறுவேறாக வரும். ஆண் பூ ஏராளம், பெண் பூ குறைவு. பல நெல்லி மரங்களில் தன் மகரந்தம் தனக்குச் சரியாக ஒத்துவருவதில்லை, பக்கத்தில் இன்னொரு மரம் வேண்டும். அதனால் மட்டக்களப்பு வாவியின் மண்முனைப் பாலம் கடந்து மகிழடித்தீவுப் பக்கம் தெரிந்தவர் வளவிலிருந்து பூத்த கிளைகளை வெட்டிக் கொண்டுவந்து, தண்ணீர் நிறைத்த போத்தல்களில் செருகி, இந்த மரத்தின் கிளைகளில் கட்டினோம். பார்த்தவர்கள் நேர்த்திக்கடனா என்று கேட்டார்கள். பூக்காலம் முடியும்வரை நாலு நாளுக்கு ஒருதரம் கிளை மாற்றினோம். காய்த்தது கூடை நிறைய அல்ல, ஒரு சுளகு நிறைய. அதே மரத்தில் அந்த மகிழடித்தீவு நெல்லியின் அரும்பை ஒட்டியும் விட்டிருக்கிறோம். அது பிடித்துப் பூத்தால் போத்தல் கட்டும் வேலை மிச்சம்.

நெல்லி விதை எடுக்கிறவர்களுக்கு ஒரு சொல். கொட்டையைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். சதையை நீக்கி வெயிலில் போட்டால் தானாக வெடிக்கும். உள்ளே மூன்று அறை, அறைக்கு இரண்டாக ஆறு விதை. தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழித்துவிடுங்கள்.

தேசி (எலுமிச்சை) மரங்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சம். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் காலத்தில் தண்ணீரை நிறுத்தி, இலை சுருண்டு சிலது உதிரும்வரை காயவிட்டு, பிறகு அடியைக் கொத்தி எரு வைத்துத் தண்ணீர் விட்டால் ஒரேயடியாகப் பூக்கும். இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல, தோட்டக்காரர் பலருக்கும் தெரிந்த வித்தை. நான் கூட்டத்தில் "நாலு கிழமை காயவிடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் களிமண்ணில் அது சரிவந்தது. கிழக்கே கடல் பக்கமான எழுவான்கரை மணலில் நீர் நிற்காது, கச்சான் வெக்கையில் பத்து நாளே அதிகம். சொன்னதை நம்பி நாலு கிழமையும் காத்திருந்த ஒருவரின் இரண்டு மரங்கள் பட்டுப்போயின. அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன். இனி நாளை எண்ணாமல் இலையைப் பாருங்கள். காலையிலும் இலை சுருண்டபடி இருந்தால் போதும், தண்ணீர் விட்டுவிடுங்கள். இளங்கன்றுகளுக்கு இந்த வித்தையே வேண்டாம்.

வேம்பில் எங்கள் பிழை வேறு மாதிரி. போன முறை ஆடியில் பொறுக்கிய வேப்பம் விதையைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்து, மாரி மழைக்குப் போடலாம் என்று காத்திருந்தோம். பையை அவிழ்த்தபோது புளித்த வாடைதான் வந்தது. வேப்பம் விதைக்கு ஆயுள் குறைவு. பழத்தின் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு மூன்று கிழமைக்குள் போட்டுவிடவேண்டும். அதன்படி இந்த முறை மழைக்குக் காத்திராமல் நாற்றுமேடையில் போட்டு, மாலையில் தண்ணீர் தெளித்து, மாரிக்குக் கன்றாகக் கொண்டுபோய் நட்டோம். இலுப்பைக்கும் நாவலுக்கும் ஆயுள் இப்படித்தான் குறைவு, அவற்றைக் காயவைத்தாலே செத்துப்போகும். இலுப்படிச்சேனை, நாவற்குடா, புளியந்தீவு, மருதமுனை என்று மரத்தின் பேரில் ஊர் வைத்த நாங்கள், அந்த மரத்தின் விதை எத்தனை நாள் தாங்கும் என்பதை மறந்துபோனோம்.

இன்னொன்றையும் தயங்கித் தயங்கித்தான் சொல்கிறேன். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்கு வேப்பிலை வேண்டும், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்த நேரத்தில் மரத்தில் பிஞ்சு இருக்கிறது. முழுக் கிளையாக முறிக்கும்போது அந்த ஆண்டின் விதையும் சேர்ந்து போகிறது. குழை எடுக்கவென்று சில மரங்களையும் விதைக்கென்று சில மரங்களையும் ஒதுக்கினால் என்ன என்று கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடம் கேட்டோம். அவர் முகம் கோணாமல், "விதை மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி விடுங்கோ, ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்கள்" என்றார். கட்டினோம். வேலி போட்டிருந்தாலும் இவ்வளவு பாதுகாப்பு இருந்திருக்காது.

நொச்சியும் ஆடாதோடையும் தடி வெட்டி நட வருபவை. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்தோம். உதவிக்கு வந்த மாணவர்கள் அரைவாசித் தடிகளைத் தலைகீழாக நட்டுவிட்டார்கள். இலை உருவிய தடியில் மேல் எது கீழ் எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிழை வெட்டிக் கொடுத்த எங்களுடையது. இப்போது அடியைச் சரிவாகவும் நுனியை மட்டமாகவும் வெட்டிக் கொடுக்கிறோம். பென்சில் பருமன், ஒரு சாண் நீளம், மூன்று நாலு கணு, பூத்து நிற்காத கிளை. மணலும் தும்புத்தூளும் கலந்த மேடையில் இரண்டு கணு புதைய நட்டால் போதும். ஆடாதோடைக்கு நீர் தேங்கினால் அடி அழுகிவிடும், கார்த்திகை வெள்ளத்தில் தரைமட்டத்தில் இருந்ததெல்லாம் போய்விட்டது. மேடையை முழங்கால் உயரத்துக்கு உயர்த்தியிருக்கிறோம். நொச்சியைப் பொறுத்தவரை பூ புதுத் தளிரின் நுனியில்தான் வரும், ஆகவே பூத்து ஓய்ந்ததும் பயப்படாமல் கவ்வாத்துப் பண்ணுங்கள். செவ்வரத்தைக்கும் (செம்பருத்தி) அதுவே.

சீந்தில் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலியில் எறிந்தாலும் வளர்கிறது.

கடுக்காய் எங்களுக்குக் கடுக்காய் கொடுத்துவிட்டது. கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் இயற்கையாகச் செழித்து நிற்பது அம்பாறைக்கு மேற்கே நில்கல புல்வெளிக் காட்டில். அங்கே போய்ப் பொறுக்குவது நம் வேலையல்ல என்பதால் மருந்துச் சரக்குக் கடையில் இரண்டு கிலோ வாங்கிப் போட்டோம். ஒன்பது மாதம் தண்ணீர் ஊற்றினோம். கடைசியில் நாட்டு வைத்தியரான பரிசாரியார் ஒருவர் வந்து சிரித்துவிட்டு, "மருந்துக்குக் காயவைத்ததில் முளைக்கவா தேடுகிறீர்கள், பாதி முற்றாமலே பறித்தது" என்றார். மரத்தடியில் விழுந்த முற்றிய பழம் வேண்டும், அதன் ஓட்டை ஒரு பக்கம் மெதுவாக அராவி ஊறவைக்கவும் வேண்டும். பழம் எங்கே வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் கூட்டம் முடிய என்னைச் சந்தியுங்கள்.

படுவான்கரை நாற்றுமேடையின் வேலியை ஆவணியில் யானை முறித்தது. நாற்றில் அது வாய் வைக்கவில்லை, மிதித்ததோடு சரி. போகும்போது விட்டுப்போன சாணத்தில் விளாங்கன்று கூட்டமாக முளைத்தது. நாங்கள் போட்ட விளா விதையை விட அது நன்றாக வந்திருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டுள்ளது.

கன்று வாங்குகிறவர்களில் சிலர் எந்த நோய்க்கு எவ்வளவு குடிப்பது என்று கேட்கிறார்கள். நாங்கள் மரம் வளர்ப்பவர்கள், வைத்தியர்கள் அல்ல. அதைப் பரிசாரியாரிடமோ ஆயுர்வேத வைத்தியசாலையிலோ கேளுங்கள்.

இந்த ஆண்டு எங்களை விட்டுப்போன மூத்த அங்கத்தவர், மேலே சொன்ன ஒற்றை நெல்லியை ஐயாவின் காலத்திலிருந்து காத்தவர். காய்த்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

வரும் ஆண்டுக்கு நிர்வாக சபை வைக்கும் பிரேரணை ஒன்றுதான். ஒவ்வொரு அங்கத்தவரும் தன் வளவில் ஒரு தாய்மரத்தைப் பொறுப்பெடுத்து, அது அரும்பு கட்டிய நாள், பூத்த நாள், காய் முற்றிய நாள் மூன்றையும் கொப்பியில் எழுதிவரவேண்டும். சின்னக் கொப்பி ஒன்று போதும், சங்கம் தரும். இதை வழிமொழிய யாராவது கை உயர்த்தினால் வாக்கெடுப்புக்கு விடலாம். அப்புறம், தண்ணீர்த் தாங்கியின் திறப்பு யாரிடமோ இருக்கிறது. தயவுசெய்து இன்றைக்கே கொடுத்துவிட்டுப் போங்கள், நாளைக் காலையில் வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் விடவேண்டும்.

இங்ஙனம்,
செயலாளர்