செல்வத்துக்கு: லோ பானட் வாங்கிவிட்டேன்

புதுவண்ணாரப்பேட்டை

அன்புள்ள செல்வம்,

நலம், நலமறிய ஆவல். நைனாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பழையபடி பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்த பிறகுதான் காபி. தங்கச்சிக்கு முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? பெரியவள் காலேஜ் சேர்ந்ததைப் பாபு சொன்னான், ரொம்ப சந்தோஷம்.

போனில் சொல்லலாம் என்றால் நீ எஸ்டேட்டில் இருக்கும்போது சிக்னல் கிடைப்பதில்லை, போடிக்கு இறங்கினால் எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். செல்வம், ஜீப் வாங்கிவிட்டேன். உங்கள் ஊரில் தினமும் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் மஹிந்திரா ஜீப் இல்லை. லோ பானட், அதாவது பானட் தாழ்வாக இருக்கும் பழைய ஜீப். இரண்டாம் உலகப்போருக்காகச் செய்த வண்டி. அதிலும் ஃபோர்டு!

செங்குன்றத்தில் ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால், உமி மூட்டைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. கூட வந்த பாபு, "எல்லாம் வில்லிஸ்தாண்டா, விலையைக் குறைச்சுக் கேளு" என்றான். நான் முதலில் முன்பக்கம் குனிந்து ரேடியேட்டருக்குக் கீழே பார்த்தேன். வில்லிஸும் ஃபோர்டும் இதே ஜீப்பைச் செய்த இரண்டு கம்பெனிகள். வில்லிஸ் வண்டியில் அங்கே இருக்கும் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருக்கும், ஃபோர்டில் பட்டையாக இருக்கும். இது பட்டை. சேசிஸ் மாற்றி ஒட்டிய வண்டியோ என்று அப்போதும் சந்தேகம் தீரவில்லை. பனியன் வேஸ்ட்டை மண்ணெண்ணெயில் நனைத்து ஒரு போல்ட் தலையைத் துடைத்தேன். கிரீஸும் மண்ணும் கெட்டியாகிக் கருங்கல் மாதிரி ஒட்டியிருந்தது. மெல்ல மெல்ல நடுவில் வளைந்து நெளிந்த ஒரு 'எஃப்' எழுத்து வந்தது. பக்கத்துப் போல்ட்டிலும் அதே எழுத்து. அமெரிக்க ராணுவத்துக்குத் தேவைப்பட்ட வண்டிகளை வில்லிஸ் கம்பெனியால் தனியாகச் செய்து முடிக்க முடியவில்லை. அதனால் அதே வரைபடத்தை ஃபோர்டுக்கும் கொடுத்தார்கள். இரண்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்தன. ஃபோர்டுக்காரர்கள் போல்ட் வரைக்கும் தங்கள் எழுத்தைக் குத்தி அனுப்பியிருக்கிறார்கள். 1942இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று மெட்ராஸே காலியான கதையை உங்கள் ஆயா சொல்வார்களே, ஃபோர்டு இந்த வண்டியைச் செய்ய ஆரம்பித்ததும் அதே வருஷம்தான். அதற்கு மேல் என்னால் பேரம் பேச முடியவில்லை. பாபுவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து தரையைத் தட்டிப் பார்த்தால் பாதி தகரம், பாதி பட்டி. முன்னால் யாரோ துருவைச் சுரண்டாமலே பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இப்படி வேலை செய்கிறவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. எல்லாவற்றையும் வெட்டி எடுத்தோம். பின்பக்கத் தரைக்கு அடியில் தாங்கலாக ஓடும் தகரப் பட்டைகளுக்குள் பலத்துக்காக அந்தக் காலத்திலேயே மரக்கட்டை வைத்திருக்கிறார்கள். அந்த மரம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சுற்றியிருந்த தகரத்தை உள்ளிருந்தே தின்றுவிட்டது. கட்டையைக் கையில் எடுத்தால் தூளாக உதிர்கிறது. காசிமேட்டில் படகு வேலை செய்யும் ஆசாரி ஒருவரிடம் அளவு கொடுத்தேன். கட்டையை இழைத்து, எண்ணெய் ஊறவைத்துக் கொடுத்தார். உப்புக்காற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

இன்னொன்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு காது நட்டு இருக்கிறது. அதைத் தளர்த்திவிட்டு பானட்டைத் தூக்கினால் லைட்டை அப்படியே பின்பக்கம் திருப்பலாம், எஞ்சின் மேலேயே வெளிச்சம் விழும். இருட்டில் ரிப்பேர் பார்ப்பதற்கு. அன்றைக்குப் பட்டறையில் கரண்ட் போனபோது பையன்கள் செல்போனைத் தேடினார்கள். நான் லைட்டைத் திருப்பினேன்.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். உள்ளே இருப்பது அதன் எஞ்சின் இல்லை. மில்லுக்காரர்கள் எப்போதோ பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் எஞ்சின் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் முக்கால்வாசி லோ பானட்டுக்கு இதே கதிதான். அவர்களையும் குறை சொல்ல முடியாது, பெட்ரோல் கட்டுப்படியாகாது. ஆனால் அந்த கனத்துக்கும் ஆட்டத்துக்கும் செய்த சேசிஸ் இல்லை இது. எஞ்சின் மவுண்ட் பக்கத்தில் சேசிஸ் விரிசல் விட்டிருக்கிறது. பாபுவிலிருந்து என் மச்சினன் வரைக்கும், "டீசலே இருக்கட்டும், மைலேஜ் கிடைக்கும்" என்கிறார்கள். மைலேஜுக்கு ஆக்டிவா இருக்கிறது. இந்த வண்டிக்கு அதனுடைய 2.2 லிட்டர் சைடு வால்வு பெட்ரோல் எஞ்சின்தான், அதாவது வால்வுகள் மேலே இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் எஞ்சின்தான் வேண்டும். 60 குதிரை சக்திதான். ஆனால் அந்த கியர்பாக்ஸ், அந்த ஆக்சில், எல்லாமே அந்த 60க்காகச் செய்தவை.

ஆர்.சி. பக்கத்திலிருந்தும் இதே சிக்கல்தான். 2021இல் வந்த விண்டேஜ் விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியைத் தனியாகப் பதியலாம். 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. டீசலை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்கவே முடியாது. அப்படிப் பதிந்தாலும் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸ் செய்ய என்றுதான் ரோட்டில் எடுக்கலாம், தினமும் ஓட்டக் கூடாது. அது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. ஓடாத வண்டி கெட்டுப்போகும். அதனால் பழைய நம்பரிலேயே எஞ்சின் மாற்றத்தை முறையாகப் பதிந்து ஓட்டலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

கலர் என்ன என்று கேட்பாய். பச்சை இல்லை. ராணுவ வண்டி தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று மோட்டார் வாகன விதியே இருக்கிறது. இது ராணுவத்துக்காகவே செய்த வண்டி, ஆனாலும் இப்போது என்னுடையது, ஆகவே கூடாது. பெயின்டர் "கொஞ்சம் ஷேடு மாத்தி அடிச்சிடலாம்ணே" என்றான். வேண்டாம் என்றேன். அமெரிக்கக் கப்பற்படையில் ஜீப்புக்குச் சாம்பல் நிறம் அடித்தார்கள். ஹார்பர் பக்கத்திலேயே ஓடப்போகிற வண்டிக்குச் சாம்பல்தான் பொருத்தம்.

டீசலோடேயே ஒருநாள் விடியற்காலையில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் எடுத்துப் பார்த்தேன். இடது பக்க ஸ்டியரிங், செல்வம்! முன்னால் கண்டெய்னர் லாரி போனால் எதிரில் என்ன வருகிறது என்று தெரியவே தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்து எட்டிப் பார்த்து "போ, போ" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். பாபுவை உட்கார வைத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். கல்மண்டபத்தில் டபுள்ஸ் போனபோதும் இதைத்தான் செய்தான், உனக்குத் தெரியாததா? ஆனால் கடல் பக்கம் திரும்பியதும் கண்ணாடியை முன்னால் மடித்துப் படுக்கவைத்துவிட்டு ஓட்டினோம் பார், அந்தக் காற்றுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

இன்னொரு விஷயம். நம்ம மெக்கானிக் பாய்க்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றார், சொல்கிறேன். மெலிந்துவிட்டார், கை லேசாக நடுங்குகிறது. ஆனால் ஜீப்பைப் பார்க்க ஆட்டோ பிடித்து வந்தார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டீசல் ஓடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இத எடுத்துடு. சைடு வால்வு கொண்டா, நான் கட்டித் தரேன்" என்றார். அந்த எஞ்சினில் டேப்பட் இடைவெளி வைக்கவும், பாயின்ட் தீப்பொறியைக் காதால் கேட்டே சரிசெய்யவும் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். பட்டறைப் பையன்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் ஸ்கேனர் மாட்ட இடமில்லாத வண்டி என்றால் விழிக்கிறார்கள். பாய் உட்கார்ந்து சொல்ல, அவர்கள் கைவைத்துக் கட்ட வேண்டும். இப்போதே செய்தாக வேண்டும், தள்ளிப்போட முடியாது.

புதுப்பேட்டை முழுக்கத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். உங்கள் பக்கத்து எஸ்டேட்டுகளில் டீசல் மாற்றியபோது கழற்றிய பெட்ரோல் எஞ்சின்கள் ஷெட்டு மூலையில் கிடக்கலாம். பார்த்தால் இப்படிக் கண்டுபிடி: சிலிண்டர் ஹெட் தட்டையாக இருக்க வேண்டும், நாலு பிளக்கும் மேலேயே வரிசையாக நிற்க வேண்டும். மேலே மூடி போட்டு உயரமாக இருந்தால் அது பிறகு வந்த ஹரிக்கேன் எஞ்சின். இன்டேக் வால்வு மேலே போனதால் உயரம் கூடி, அதற்காகவே பானட்டைத் தூக்கினார்கள். உங்கள் மஹிந்திராவுக்கெல்லாம் அதனால்தான் அந்த உயரம். அது எனக்கு ஆகாது, பானட் மூடாது. ஜாம் ஆகியிருந்தால் பரவாயில்லை, எண்ணெய் ஊற்றி இளக்கிவிடலாம். சிலிண்டர் துளை தேய்ந்திருந்தால் உள்ளே ஸ்லீவ் போட்டுக்கொள்ளலாம். பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணீர் ஓடும் இடத்தில் விரிசல் இருந்தால் மட்டும் விட்டுவிடு. கார்புரேட்டர் இருந்தால் அதையும் சேர்த்து வாங்கு. பெட்ரோல் பம்பு டயாஃப்ரம் பழசு எதற்கும் ஆகாது, இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும். அதை நான் புதிதாகப் போட்டுக்கொள்கிறேன்.

போட்டோ எடுத்து அனுப்பு, பாயிடம் காட்டிவிட்டு அன்றைக்கே பணம் போட்டுவிடுகிறேன். லாரி வாடகையும் என்னுடையது. பாபு மகன் கல்யாணத்துக்கு எப்படியும் வருவாய் அல்லவா, இரண்டு நாள் முன்னாடியே வந்துவிடு. முதலில் பாயைப் போய்ப் பார்ப்போம். அப்புறம் வலது பக்க சீட்டு உனக்குத்தான்.

அன்புடன்,
ரவி