மருத்துவக் கழிவைப் படுக்கையருகே பிரிக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைகளின் கழிவு கொட்டப்பட்டதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகு கேரள அரசே லாரிகளை அனுப்பி அதை அள்ளிச் சென்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அதையடுத்து, இவ்வாறு கொட்டுவோரையும் குண்டர் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரும் திருத்தத்தைத் தமிழக அரசு 2025-இல் செய்தது. வரவேற்க வேண்டிய நடவடிக்கைதான். ஆனால் சோதனைச் சாவடியில் லாரியை மடக்குவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு, நம் ஊர் மருத்துவமனை வார்டுகளில் அதே கழிவு எப்படிக் கையாளப்படுகிறது என்று நாம் கேட்பதில்லை. செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, கழிவை உண்டாகும் இடத்திலேயே பிரிக்கச் சொல்கின்றன. ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, அகற்றப்பட்ட உடற்பகுதி ஆகியவை மஞ்சள் பைக்கும், சலைன் குழாய், சிறுநீர்ப் பை, ஊசி நீக்கிய சிரிஞ்சு ஆகியவை சிவப்புப் பைக்கும், ஊசியும் பிளேடும் எளிதில் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்கும், கண்ணாடிக் குப்பிகள் நீலக் குறியிட்ட பெட்டிக்கும் போக வேண்டும். நிறங்கள் வெறும் அடையாளத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. மஞ்சள் பை எரிஉலைக்குப் போகிறது. சிவப்புப் பை ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்கப்பட்டு, துண்டாக்கப்பட்டு, மறுசுழற்சிக்குப் போகிறது. பிவிசி பிளாஸ்டிக்காலான குழாய் தவறி மஞ்சள் பையில் விழுந்தால், எரியும்போது டையாக்சின் என்னும் நச்சு உருவாக வழி ஏற்படும். மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு வீட்டுக் குப்பையைப் போன்று அபாயமற்றதே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மீதியுள்ள 15 விழுக்காடு அதனோடு கலந்துவிட்டால் அத்தனையையும் அபாயமானதாகவே கருத வேண்டும். கலந்ததைப் பிறகு யாரும் கை விட்டுப் பிரிக்க முடியாது, பிரிக்கவும் கூடாது.

விதி தெளிவாகத்தான் இருக்கிறது. வார்டு வேறு மாதிரி இருக்கிறது. வெள்ளைப் பெட்டி பல இடங்களில் வார்டின் ஒரு மூலையில், நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும். ஊசி போடும் டிராலியில் இருக்காது. இரவுப் பணியில் ஊசி போட்டு நிமிர்வதற்குள் அடுத்த படுக்கையில் சலைன் தீர்ந்துபோயிருக்கும். அந்த அவசரத்தில், செய்யவே கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தரப்பட்டதை மீறி, ஊசிக்கு மூடியை மாட்டி, கிட்னி டிரே எனப்படும் சிறு தட்டில் போட்டுவிட்டு ஓடுவார்கள். டிரே நிறைந்ததும் அது கைக்கு எட்டிய பையில் கவிழும். விடிந்ததும் தூய்மைப் பணியாளர் அந்தப் பையை முடிச்சுப் போட்டுத் தொடையோடு அணைத்துத் தூக்கும்போது, மூடி கழன்ற ஊசி பையைக் கிழித்துக்கொண்டு அவரைக் குத்தும்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்று உள்ளவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாதவரை ஒருமுறை குத்தினால் தொற்றுக்கான வாய்ப்பு 30 விழுக்காடு வரை உண்டு. ஹெபடைட்டிஸ் சி-க்கு 1.8 விழுக்காடு, எச்ஐவி-க்கு 0.3 விழுக்காடு. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். இது மருத்துவருக்கும் செவிலியருக்கும் தெரியும். ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளருக்கு யார் சொல்கிறார்கள்? கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்பதும் விதியில் உள்ளதுதான். அது மூன்று தவணையாக ஆறு மாத காலத்தில் போடப்படுவது. மூன்றாவது தவணை வருவதற்குள் ஒப்பந்ததாரர் மாறிவிடுவார், அல்லது அந்தப் பணியாளரை வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். குத்திய செய்தி மேலே போனால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பேசாமல் இருப்பவர்களே அதிகம். இதனால்தான் மருத்துவமனையின் கழிவு மேலாண்மை ஆண்டறிக்கையில் விபத்து பற்றிய பகுதியில் ‘இல்லை’ என்று எழுத முடிகிறது. பெரிய மருத்துவமனை ஒன்றின் அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது.

சிவப்புப் பையில் வேறு வகை ஆபத்து இருக்கிறது. அதிலுள்ள பிளாஸ்டிக்குக்குப் பழைய பொருள் வியாபாரியிடம் விலை உண்டு. வெட்டிச் சிதைக்காமல் வெளியேறும் சிரிஞ்சு எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. 2009-இல் குஜராத்தின் மோடாசா பகுதியில் ஹெபடைட்டிஸ் பி பரவிப் பலர் உயிரிழந்தபோது, பயன்படுத்திய சிரிஞ்சுகளையே மீண்டும் பயன்படுத்தியது வெளிச்சத்துக்கு வந்தது. (வீடுகளில் இன்சுலின் போட்டுக்கொள்வோர் தெருத்தொட்டியில் எறியும் ஊசிகளுக்குத் தனியாக ஒரு கடிதமே எழுத வேண்டும்.)

நான் கேட்பவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. ஊசி போடும் ஒவ்வொரு டிராலியிலும் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்க வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும். மூன்று தவணைத் தடுப்பூசியை ஒப்பந்தத்தின் நிபந்தனையாக்கி, அதற்கான அட்டையைப் பணியாளர் கையிலேயே கொடுக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் அட்டை பணியாளரோடு போகட்டும். 30 படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள மருத்துவமனைகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய கழிவு மேலாண்மைக் குழுவில் தூய்மைப் பணியாளர் ஒருவரையும் உட்கார வைக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பின்கட்டிலுள்ள கழிவு அறையையும் கழிவுப் பைகளின் பார்கோடு பதிவேட்டையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், இரவு பத்து மணிக்கு மேல் முன்னறிவிப்பின்றி ஏதேனும் ஒரு வார்டுக்குள் போய், அங்குள்ள கிட்னி டிரேயில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
பாளையங்கோட்டை.