தனிப்பட்டா கேட்கிறீர்கள், அளந்து தருவது யார்?

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

நிலமில்லாத ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண்கள் மானியத்தில் நிலம் வாங்க ‘நன்னிலம்’ திட்டத்தை நடத்துகிறவர்கள், வட்டாட்சியர்கள், நில அளவைத் துறையினர், கடன் தரும் வங்கிக் கிளை மேலாளர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். திட்டத்தை உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. நிலத்தின் விலையில் பாதி, அதிகபட்சம் ரூ.5 லட்சம் மானியம், மீதி கடன், முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் இரண்டுக்கும் விலக்கு. நஞ்சை என்றால் இரண்டரை ஏக்கர், புஞ்சை என்றால் ஐந்து ஏக்கர் வரை வாங்கலாம். தாளில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

சென்ற மாதம் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு விண்ணப்பம் வங்கியிலிருந்து மூன்றாவது முறையாகத் திரும்பியது. கேட்டது ஒரே ஒரு ஏக்கர், வாய்க்கால் பாயும் இருபோக நஞ்சை. குறிப்பு ஒரு வரிதான்: ‘தனிப்பட்டா இணைக்கப்படவில்லை.’ அதாவது, அந்த ஒரு ஏக்கருக்கென்று தனி எண்ணோடு பிரித்த பட்டா இல்லையாம். அந்த வரி வந்து சேர்வதற்குள் நிலம் வேறொருவர் பெயருக்குக் கிரயமாகிவிட்டது.

ஒரு ஏக்கரை யாரும் தனியாக நறுக்கி, தனி எண் போட்டு வைத்திருப்பதில்லை. விற்பனைக்கு வருவது பெரும்பாலும் மூன்று ஏக்கர் புலத்தில் ஒரு பங்கு. பட்டா அண்ணன் தம்பி நாலு பேர் பெயரில் கூட்டாக இருக்கும். தகப்பனார் போய் இருபது வருடமாகியும் அவர் பெயரிலேயே கிடப்பதும் உண்டு. வங்கி கேட்பது, வாங்கப்போகும் அந்த ஒரு ஏக்கருக்கு மட்டும் தனிப்பட்டாவும், அதன் அளவுகளைக் காட்டும் புலப்பட நகலும். வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால், பத்திரம் பதிந்து கொண்டு வாருங்கள், பிறகு உட்பிரிவு செய்து தனி எண் தரலாம் என்கிறார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. உட்பிரிவுக் கட்டணத்தையே பத்திரப் பதிவின்போதுதான் வாங்குகிறார்கள். பத்திரம் பதியப் பணம் வேண்டும், பணம் வங்கியில் இருக்கிறது, வங்கிக்குத் தனிப்பட்டா வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணமானால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். முதலில் அளங்கள். விற்பவர்களின் சம்மதக் கையெழுத்தோடு சர்வேயர் அளந்து தரும் உத்தேச உட்பிரிவு வரைபடத்தை வைத்து வங்கி முடிவு சொல்லட்டும். முடியாத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். கர்நாடகத்தில் விவசாய நிலத்தின் ஒரு பகுதியை விற்பதென்றால் அந்தப் பகுதியை அளந்து வரைந்த 11-இ வரைபடம் முதலில் வந்தாக வேண்டும். அளவை முன்னே, பத்திரம் பின்னே.

அளப்பதற்கும் ஒரு காலம் உண்டு என்பதை மாவட்டத் தலைநகரில் இருப்பவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சம்பா நட்ட வயலில் சங்கிலி இழுக்க முடியாது. தையில் அறுத்து, மாசியில் வயல் காய்ந்தால்தான் வரப்பும் கல்லும் கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்து மேட்டூர்த் தண்ணீர் வரும் ஜூன் வரை ஏறக்குறைய நாலு மாதம். அதைத் தவறவிட்டால் அடுத்த மாசிதான். ஐப்பசியில் ‘அளந்து அறிக்கை தருக’ என்று கோப்பை அனுப்பினால், முழங்கால் சேற்றில் நின்று சர்வேயர் எதை அளப்பார்?

மூலைக்கல்லில் ஒன்றாவது வாய்க்கால் வெட்டும்போது பெயர்ந்து போயிருக்கும். இருக்கிற கற்களிலிருந்து புலப்பட அளவை வைத்து அந்த இடத்தை மீட்ட பிறகுதான் நடுவில் கோடு போட முடியும். பத்திரம் ஏக்கர் சென்ட்டில் பேசும், பட்டா ஹெக்டேர் ஏரில் பேசும். ஒரு ஏக்கர் என்பது 0.40.5 ஹெக்டேர், அதாவது 40.5 ஏர். அதை 0.40.0 என்று எழுதிவிட்டால் ஒன்றேகால் சென்ட் காற்றில் போகும். சென்ட் கணக்கில் விலை பேசும் ஊரில் இது சில்லறை விஷயமில்லை. பிரியும் பங்கு வயலின் நடுவில் விழுந்தால் இன்னொரு சிக்கல்: இதுவரை வயலுக்கு வயல் பாய்ந்த தண்ணீருக்கும், அறுவடை மிஷின் இறங்கும் தடத்துக்கும் பத்திரத்தில் பாத்தியம் எழுதவில்லையென்றால், மறுவருடமே மேலண்டை வயல்காரர் மடையை அடைப்பார். பதிவான பத்திரங்களை மட்டும் காட்டும் வில்லங்கச் சான்றிலும் எல்லாம் தெரிந்துவிடாது. வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதியாத உயில், நிலத்தில் உட்கார்ந்திருக்கும் குத்தகைதாரர், எதுவும் அதில் வராது. நேரில் போய் அளக்கும் அன்றுதான் பக்கத்து வயல்காரர் வாயைத் திறப்பார். இதனால்தான் மறுபடியும் சொல்கிறோம், முதலில் அளங்கள்.

விற்பவர் உங்கள் கோப்புக்காகக் காத்திருக்க மாட்டார். ஆவணியில் மகள் கல்யாணம் என்று வைகாசியில் விற்கிறவர், மூன்று மாதக் கெடு கொடுத்து முன்பணம் வாங்குவார். கெடு தாண்டினால் முன்பணம் போச்சு. அது அநேகமாக வட்டிக்கு வாங்கியதாக இருக்கும். நல்ல நஞ்சை ரொக்கக்காரர் கைக்குப் போகும். ஒரு வருடம் பொறுத்திருக்கத் தயாரான நிலம் எது? உவர் பூத்த வயல், தண்ணீர் எட்டாத கடைமடை, வழியில்லாத திட்டு. அதுதான் கடைசியில் மானியத்துக்கு வந்து நிற்கிறது.

‘எளிய தவணை’ என்பதையும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள். ஏக்கர் ரூ.16 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மானியம் 5 லட்சத்தோடு நின்றுவிடும், கடன் 11 லட்சம். 6 விழுக்காடு வட்டி, 10 ஆண்டு என்றால் வருடத்துக்குச் சுமார் ரூ.1.49 லட்சம் கட்ட வேண்டும். அந்த ஏக்கரில் 60 கிலோ மூட்டை நாற்பது கண்டு, 24 குவிண்டாலையும் கொள்முதல் நிலையத்தில் 2025-26 விலையான ரூ.2,500-க்குப் போட்டால் ரூ.60,000. இரண்டு போகமும் விளைந்தால் 1.20 லட்சம். உழவு, நடவுக் கூலி, உரம், மிஷின் வாடகை எதையும் இன்னும் கழிக்கவில்லை. ரூ.5 லட்சம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டு உண்மையாகவே பாதி மானியம் தந்து, தவணையை 20 ஆண்டாக்கினால் வருடம் ரூ.70,000 அளவுக்கு இறங்கும். அதுவும் சுமைதான், ஆனாலும் மூச்சு விடலாம். அதையும் மாதாமாதம் கேட்காமல் அறுவடைக்கு அறுவடை வாங்குங்கள். நெல் மாதச் சம்பளம் தருவதில்லை.

1892-இல் இதே மக்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலத்தைப் பிறருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. கைமாறிப்போன பஞ்சமியை மீட்பதைவிட, அதற்குரியவர்களையே கடனாளியாக்கிச் சந்தை விலையில் நிலம் வாங்க வைப்பது நிர்வாகத்துக்குச் சுலபம் போலிருக்கிறது. அவர்களும் வாங்கத் தயாராகத்தான் நிற்கிறார்கள். அதற்கும் தனிப்பட்டா இல்லை என்கிறீர்கள்.

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது சின்ன விஷயம். விண்ணப்பம் பதிவான 15 நாளில் சர்வேயரை அனுப்புங்கள். அந்த வரைபடத்தை வங்கி ஏற்கும்படி ஒரு சுற்றறிக்கை போடுங்கள். 60 நாளுக்குள் உண்டு, இல்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை, கெடுவுக்கு முன்னால் தெரிந்தால் முன்பணமாவது மிஞ்சும்.

மாசி பிறந்ததும் வயல் காய்ந்துவிடும். அளக்க ஆள் அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள்